சொறிக்கல்முனைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற சொறிக்கல்முனைத் திருச்சிலுவைக் கோயிலுக்கு வெளியூர்ச் சனம் பெரும்பாலும் செப்டெம்பர் 14 திருநாளை ஒட்டித்தான் போகும். நேர்த்திக்கு அது சரி. கோயிலின் பழமையை உணர வேண்டுமென்றால் ஒரு சாதாரண ஞாயிறு பூசைக்குப் போய், சனம் கலைந்த பிறகும் நில்லுங்கள். கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாகப் போகலாம். மாரியில் அங்குள்ள தாம்போதிக்கு (தாழ்வான தரைப்பாலம்) மேலால் வெள்ளம் பாயும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனிச் சொல்வது எங்கள் பக்கத்து எந்தப் பழைய பங்குக் கோயிலுக்கும் பொருந்தும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் கூரையை வைத்து வயதை மதிக்காதீர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கூரைகளை அள்ளிக்கொண்டு போனது. பலது அதற்குப் பிறகு போட்டவை. யன்னல் படியில் கையை வையுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரென்றால் முழங்கை வரை உள்ளே போகும், வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் பீடம். பின்சுவரோடு ஒட்டி உயரமாக ஒரு பீடம், அதற்கு முன்னால் மேசைபோல இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். 1960கள் வரை சுவாமியார் அந்தப் பழைய பீடத்தைப் பார்த்தபடி, சனத்துக்கு முதுகு காட்டி, லத்தீனில் பூசை வைத்தார். என் அம்மம்மா பின்னால் பாயில் முழந்தாளிட்டு, செபமாலை உருட்டிக்கொண்டே பூசை கண்டவ. அந்த இரண்டு பீடங்களுக்கும் நடுவில் நின்று பாருங்கள், அவவின் காலம் எவ்வளவு கிட்ட என்று தெரியும்.

சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, கட்டாயம் போங்கள். சந்தியாப்பிள்ளை, சூசைப்பிள்ளை, வஸ்தியாம்பிள்ளை என்று பெயர்களை வாய்விட்டு வாசியுங்கள். நவம்பர் 2 போனால் இன்னும் நல்லது. அன்று குடும்பங்கள் புல்லுச் செருக்கி மெழுகுதிரி கொளுத்த வரும். எழுத்தழிந்த சிலுவைக்குக் கீழே யார் என்று அவர்கள் சொல்வார்கள்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பரிடமோ வயதான அம்மாமாரிடமோ "கோயில் எப்ப கட்டினது?" என்று கேட்டால் கல்லில் இருக்கிற வருசத்தைத்தான் சொல்வார்கள். "புயலுக்கு எங்க இருந்தீங்க, அம்மா?" என்று கேளுங்கள். கதை தானாக வரும். போர்க்கால வன்முறை நடந்த 1990ஐப் பற்றி நீங்களாகக் கதை எடுக்க வேண்டாம், அவர்களே தொடங்கினால் பேசாமல் இருந்து கேளுங்கள்.

போனில் பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.