இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) என்று முடிவான நாளிலிருந்து எங்கள் வீட்டு ஃபைலில் லேப் ரிப்போர்ட்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியோடு வரும். டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருக்கும்போது அந்த அம்புக்குறி தூக்கத்தைக் கெடுத்துவிடும். அந்த நாலு நாளுக்காகத்தான் இந்தப் பதிவு. இ.எஸ்.ஆர். என்பது ரத்தத்தின் சிவப்பணுக்கள் குழாயில் கீழே இறங்கும் வேகம். சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். என்ன நோய் என்று இந்த எண்கள் சொல்லாது. உடம்பில் எங்கோ அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருக்கிறதா, போன தடவைக்கு இப்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும்.

படி 1: எண்ணுக்கு முன்னால் அலகைப் பாருங்கள்

என்னை அதிகம் குழப்பிய இடம் இது. ஒரு லேபில் சி.ஆர்.பி. 18 என்று வந்தது. அடுத்த முறை வேறு லேபில் 2.1. அம்மாவின் விரல் முட்டிகளோ முன்பைவிட வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்கவே முடியவில்லை. எண் இறங்கியிருக்கிறது, வலி ஏறியிருக்கிறது, எப்படி?

முதல் ரிப்போர்ட் எம்.ஜி. பை எல், அதாவது ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். இரண்டாவது எம்.ஜி. பை டி.எல்., டெசிலிட்டர் கணக்கு. ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லி. ஆக 2.1-ஐப் பத்தால் பெருக்கினால் 21. இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. அலகு பொடி எழுத்தில் இருந்து தெரியவில்லை என்றால் பக்கத்தில் உள்ள நார்மல் அளவைப் பாருங்கள். மேல் எல்லை 5, 6 அல்லது 10 என்றிருந்தால் பெரும்பாலும் லிட்டர் கணக்கு. 0.5, 0.6, 1.0 என்றிருந்தால் டெசிலிட்டர்.

சின்ன லேப்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 6, 12, 24, 48 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்கள் மட்டும் வந்தால் அது லேட்டக்ஸ் ஸ்லைடு முறை. சீரத்தை இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று நீர்க்கச் செய்து, எதுவரை திரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. அதில் 12-க்கும் 24-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு படிதான். நீண்டகால நோய்க்கு இந்த முறை போதாது என்பது என் உறுதியான கருத்து. ரத்தம் கொடுக்கும் முன்பே "குவாண்டிடேட்டிவ்வா பண்ணுவீங்களா?", அதாவது சரியான அளவை எண்ணாகத் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்று எழுதியிருந்தால் அது இதய நோய் அபாயத்தைக் கணிக்கப் பார்ப்பது. லிட்டருக்கு 1-க்குக் கீழே குறைவு, 3-க்கு மேல் அதிகம் என்பது அதன் கணக்கு. சளி, காய்ச்சலோடு போய் அதை எடுக்க வேண்டாம்.

படி 2: இ.எஸ்.ஆரை ஹீமோகுளோபினோடு சேர்த்துப் படியுங்கள்

இந்தச் சோதனையை ஒரு முறை நேரில் பார்த்தால் பாதி புரிந்துவிடும். 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட ஒல்லியான குழாயில் ரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் நேராக நிறுத்துவார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கீழே இறங்கி, மேலே வெளிர் மஞ்சள் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்ததோ அதுதான் இ.எஸ்.ஆர். அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடும். சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்.

ஆனால் ரத்தசோகை இருந்தாலும் வேகமாக இறங்கும். கர்ப்பம், சிறுநீரக நோய், வயது எல்லாமே இதை ஏற்றும். ஆகவே ஹீமோகுளோபின் 9 இருக்கிற ஒருவருக்கு இ.எஸ்.ஆர். 45 என்றால், முழுப் பழியையும் அழற்சி மேல் போட முடியாது. வயதுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆண்களுக்கு வயதில் பாதி. பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 64 வயதுப் பெண்ணுக்கு 37 வரை போகலாம். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 20-ஐ வைத்துப் பதற வேண்டியதில்லை.

குழாய் லேசாகச் சாய்ந்திருந்தாலே எண் கூடிவிடும். எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலும் முடிவை நம்ப முடியாது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் இன்னும் பல வீடு சுற்றிவிட்டுத்தான் லேபுக்குப் போவார் என்றால், இ.எஸ்.ஆருக்கு நேரே லேபுக்குப் போவதே நல்லது.

படி 3: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாவது. நோய்த்தொற்றோ காயமோ ஏற்பட்ட ஆறேழு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இ.எஸ்.ஆர். மெல்ல ஏறி, இறங்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். காய்ச்சல் விட்டு வாரம் ஆகியும் இ.எஸ்.ஆர். 50-லேயே நிற்பதைப் பார்த்து "இன்னும் சரியாகலையே" என்று கலங்குபவர்கள் சி.ஆர்.பி.யைப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் பெரும்பாலும் உடம்பு தேறிவருகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயில் மட்டும் கவனம். அதில் நோய் தீவிரமாக இருந்து இ.எஸ்.ஆர். ஏறியிருந்தாலும் சி.ஆர்.பி. அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம்.

இரண்டும் நார்மல் என்றாலும் மூட்டு வீங்கியிருந்தால் வீக்கம் வீக்கம்தான். முடக்குவாதம் உள்ள கணிசமானவர்களுக்கு இந்த எண்கள் நார்மலாகவே இருக்கும். அதனால்தான் டாக்டர் ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் கை, தோள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்க்கிறார்.

படி 4: ஃபெரிட்டின்

வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) கூடுவது, ஆல்புமின் குறைவது எல்லாம் துணைச் சாட்சிகள். ஃபெரிட்டினை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரும்புச் சத்தின் கையிருப்பைக் காட்டும் இது, அழற்சியிலும் ஏறும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழற்சி இருந்தால் அந்த எல்லையை 70 என்று வைக்கிறது. சி.ஆர்.பி. கூடுதலாக இருக்கும்போது ஃபெரிட்டின் 40 என்பதை "நார்மல்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 5: ஒரு நோட்டு போடுங்கள்

செயலிகள் வேண்டாம், அலகு மாறினால் அவை கண்டுகொள்ளாமல் போகலாம். கோடு போட்ட நோட்டே போதும். தேதி, லேப், இ.எஸ்.ஆர்., லிட்டர் கணக்கில் சி.ஆர்.பி., ஹீமோகுளோபின், பிறகு "அன்றைக்கு உடம்பு" என்று ஒரு கட்டம். சளி, பல்வலி, ஸ்டீராய்டு அளவு எல்லாம் அதில் வரவேண்டும். எங்கள் டாக்டர் முதலில் படிப்பது அந்தக் கட்டத்தைத்தான். முடிந்தவரை ஒரே லேப், ஒரே முறை.

பின்சேர்க்கை: வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்த இரண்டுக்கும் தேவையில்லை.

எண் நார்மலானதும் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். முடக்குவாதத்துக்கான டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களுக்கு நோய்த்தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கலாம். காய்ச்சல் வந்தால் எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சி.ஆர்.பி. 100-ஐத் தாண்டினால், குறிப்பாகக் காய்ச்சலும் இருந்தால், அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இருந்தால் ரிப்போர்ட் வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சி பார்வையையே பறிக்கக்கூடியது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.