சி டிரைவ் நிரம்பிவிட்டதா? பெரிய மென்பொருட்களை வெளி எஸ்எஸ்டியில் நிறுவி ஓட்டும் முறை

லேப்டாப் வாங்கும்போது அட்டையில் 256 ஜிபி என்று போட்டிருக்கும். விண்டோஸில் திறந்து பார்த்தால் 238 ஜிபிதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் விண்டோஸ், அதன் அப்டேட்கள், ஆபீஸ், இரண்டு மூன்று பிரவுசர் எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் (ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருள்) ஒரு பெரிய கேமையும் போட்டுப் பாருங்கள். சி டிரைவின் நீலப் பட்டை சிவப்பாகிவிடும்.

லேப்டாப்பைத் திறந்து உள்ளேயே பெரிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) மாட்ட முடிந்தால் அதைச் செய்யுங்கள், அதுதான் சிறந்த வழி. சில மாடல்களில் சேமிப்பகத்தை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற வழியில்லை. சிலருக்கு வாரண்டி போய்விடுமோ என்ற பயம். சிலருடையது அலுவலக லேப்டாப், கை வைக்கக் கூடாது. இவர்களுக்கெல்லாம் வெளியே ஒரு டிரைவைச் செருகி, பெரிய மென்பொருட்களை அங்கே நிறுவுவது நல்ல ஏற்பாடு. (அலுவலக லேப்டாப் என்றால் யுஎஸ்பி டிரைவுக்கே தடை இருக்கலாம், முதலில் ஐடி ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள்

வெளி டிரைவில் நிறுவிவிட்டால் மென்பொருள் முழுவதும் அங்கே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. மகன் தனிக்குடித்தனம் போன பிறகும் ரேஷன் கார்டில் பெயர் பழைய வீட்டிலேயே இருக்குமே, அந்த மாதிரிதான். பெரிய கோப்புகள் வெளி டிரைவுக்குப் போகும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் பதிவேடு) போடும் பதிவுகள், பல மென்பொருட்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் கோப்புகள், உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டரில் சேரும் செட்டிங்ஸ், கேஷ் (வேகத்துக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள்) எல்லாம் சி டிரைவிலேயே இருக்கும்.

இதனால் இரண்டு விளைவு. ஒன்று, அந்த டிரைவைக் கழற்றி நண்பரின் கம்ப்யூட்டரில் செருகினால், நிறுவிய மென்பொருள் பெரும்பாலும் அங்கே ஓடாது. இன்னொன்று, வெளி டிரைவில் நிறுவிய பிறகும் சி டிரைவ் மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டே வரும். இரண்டாவதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. ‘எல்லாவற்றையும் வெளியே போட்டும் இடம் எப்படிக் குறைகிறது?’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அதற்கான வழியைக் கீழே ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

எந்த டிரைவ் வாங்குவது?

பென் டிரைவ் வேண்டாம். அது கோப்பை எடுத்துப் போவதற்கு, மென்பொருள் ஓட்டுவதற்கு அல்ல.

வெளி ஹார்ட் டிஸ்க் விலை மலிவு. ஆனால் அதற்குள் சுழலும் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி அதன் தலை நகர 10 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒரு மென்பொருள் தொடங்கும்போது 10,000 சிறு கோப்புகளை இங்கும் அங்குமாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலை நகர்வதற்கு மட்டுமே 100 நொடி போய்விடும். எஸ்எஸ்டியில் இதே தேடலுக்கு 0.1 மில்லிநொடி அளவுதான், மொத்தமும் ஒரு நொடி. இரண்டு திரைப்படத்தைக் காப்பி செய்து பார்த்துவிட்டு ‘ஹார்ட் டிஸ்க்கும் வேகமாகத்தானே இருக்கிறது’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கையில் இருந்தால் அதை பேக்கப்புக்கு வைத்துக்கொண்டு, இதற்கென்று 500 ஜிபி அல்லது 1 டிபி வெளி எஸ்எஸ்டி வாங்குங்கள்.

டிரைவைவிட அதிகம் ஏமாற்றுவது கேபிள். யுஎஸ்பி 2.0 வழியில் நொடிக்கு 40 எம்பி தாண்டுவதே கஷ்டம். யுஎஸ்பி 3.0, அதாவது இப்போது 3.2 ஜென் 1 என்று பெயர் மாற்றிவிட்ட 5 ஜிபிபிஎஸ் வழியில் 400 எம்பிக்கு மேல் கிடைக்கும். 10 ஜிபிபிஎஸ் போர்ட்டும் அதற்கேற்ற டிரைவும் இருந்தால் 1000 எம்பியை நெருங்கலாம். ஃபோன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவும் உள்ளே வெறும் யுஎஸ்பி 2.0தான். அதைச் செருகினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டியும் நகராது. டிரைவுடன் பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். லேப்டாப்பில் உள்ளே நீல நிறம் இருக்கும் போர்ட் அல்லது எஸ்எஸ் குறி போட்ட போர்ட்டில் செருகுங்கள். மலிவான ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) நடுவில் வேண்டாம்.

சோதிப்பது சுலபம். நாலைந்து ஜிபி உள்ள ஒரே ஒரு கோப்பை டிரைவுக்குக் காப்பி செய்து, காப்பி ஆகும் சின்ன ஜன்னலில் வேகத்தைப் பாருங்கள். 40 எம்பியைச் சுற்றியே நின்றால் கேபிளோ போர்ட்டோ தப்பு.

டிரைவைத் தயார் செய்தல்

புது டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும், மேக்கிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பதற்காக. நமக்கு விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ் தேவை. எக்ஸ்ஃபேட்டில் கோப்பு அனுமதிகள் இல்லை, ஜர்னலிங்கும் (மாற்றங்களை முன்பே குறித்துவைக்கும் வசதி) இல்லை. திடீரென்று கேபிள் கழன்றால் கோப்புகள் சேதமாகும் வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ் செயலி வழியாக நிறுவுபவற்றுக்கும் என்டிஎஃப்எஸ்தான் வேண்டும்.

1. டிரைவில் ஏற்கனவே ஏதாவது இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.
2. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவின் பெயரையும் அளவையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.
3. ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் என்டிஎஃப்எஸ். குவிக் ஃபார்மேட் டிக் இருக்கட்டும். மற்றதைத் தொட வேண்டாம். ஸ்டார்ட் கொடுங்கள்.
4. அடுத்து ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். உங்கள் டிரைவின் பகுதியில் ரைட் கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, அப்புறம் ‘சேஞ்ச்’. எக்ஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள்.

நாலாவது படியைத் தாண்டிப் போகாதீர்கள், மொத்த வேலையிலும் முக்கியமானது அதுதான். விண்டோஸ் புதிதாகச் செருகும் டிரைவுகளுக்கு முன்வரிசையில் காலியாக உள்ள எழுத்துகளையே கொடுக்கும். இன்று உங்கள் டிரைவுக்கு ஈ கிடைக்கும். நாளை ஒரு பென் டிரைவை முன்னால் செருகினால் அந்த ஈ அதற்குப் போய்விடலாம். ஈ டிரைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் மென்பொருள் ஷார்ட்கட் எல்லாம் அப்போது விழித்துக்கொண்டு நிற்கும். கடைசி வரிசை எழுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தச் சண்டை வராது. அந்த எழுத்தை உங்கள் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

எக்ஸ் டிரைவில் ஆப்ஸ், கேம்ஸ், கேஷ் என்று மூன்று ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள். பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், நடுவில் இடைவெளி வேண்டாம். தமிழில் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்றவை விண்டோஸில் பிறமொழி எழுத்துள்ள பாதையைப் பார்த்தால் எச்சரிக்கை காட்டி முரண்டு பிடிக்கும்.

சுலபமானதிலிருந்து தொடங்குவோம்: பிளெண்டர்

நிறுவவே தேவையில்லாத மென்பொருட்கள் உண்டு. ஜிப் கோப்பை விரித்தால் போதும், ஓடும். வெளி டிரைவுக்கென்றே பிறந்தவை இவை. 3டி வேலைக்கான பிளெண்டர் அப்படிப்பட்டது. அதன் இணையதளத்தில் விண்டோஸுக்கான பதிப்புகளில் போர்ட்டபிள் ஜிப் என்பதை இறக்கி, எக்ஸ் டிரைவின் ஆப்ஸ் ஃபோல்டருக்குள் விரியுங்கள். பிளெண்டரின் எக்ஸ்இ கோப்பு இருக்கும் அதே இடத்தில், போர்ட்டபிள் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். 4.2 பதிப்பு முதல், அந்த ஃபோல்டர் இருந்தால் பிளெண்டர் தன் செட்டிங்ஸையும் ஆட்-ஆன்களையும் சி டிரைவில் வைக்காமல் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இந்த டிரைவை வேறு விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாலும் உங்கள் செட்டிங்ஸோடு திறக்கும்.

எந்த மென்பொருளை இறக்கும் முன்னும் ஜிப் அல்லது போர்ட்டபிள் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே எடுங்கள்.

ஸ்டீம் கேம்கள்

கேம்களை வாங்கி நிறுவ உதவும் ஸ்டீமில் இது கிட்டத்தட்ட சொந்த வசதி. ஸ்டீம் செயலியை சி டிரைவிலேயே விட்டுவிடுங்கள், அது சிறியது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், மேலே டிரைவ் பெயர் இருக்கும் இடத்தைக் கிளிக் செய்து ‘ஆட் டிரைவ்’ வழியாக எக்ஸைச் சேருங்கள். இனி கேம் நிறுவும்போது எங்கே என்று கேட்கும். ஏற்கனவே நிறுவியதை மாற்ற, கேமின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், ‘மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர்’. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் இதே டிரைவை மறுபடி சேர்த்தால் கேம்களைக் கண்டுகொள்ளும், திரும்ப டவுன்லோட் செய்ய வேண்டாம்.

விளையாடிச் சேமித்த சேவ் கோப்புகள் மட்டும் பல கேம்களில் டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோதான் இருக்கும். விண்டோஸை அழிக்கும் முன் அவற்றை எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ: உண்மையான சோதனை

செயலி எழுதக் கற்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஐடிஇ (செயலி எழுதும் முக்கிய மென்பொருள்), எஸ்டிகே (அதற்கான கருவித் தொகுப்பு), எமுலேட்டர் (கம்ப்யூட்டரிலேயே ஓடும் மாதிரி ஃபோன்) மூன்றுக்கும் சேர்த்து 16 ஜிபியாவது ஒதுக்க வேண்டியிருக்கும். போகப் போக இன்னும் வளரும். ஐடிஇயை மட்டும் எக்ஸ் டிரைவில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் சி டிரைவுக்குப் பெரிய விடுதலை கிடைக்காது. இடத்தை விழுங்குவது மற்ற மூன்றும்தான்: எஸ்டிகே, கிரேடில் (எழுதியதைச் செயலியாகக் கட்டும் கருவி) கேஷ், எமுலேட்டர் சாதனங்கள்.

ஐடிஇக்கு ஜிப் பதிப்பை இறக்கி ஆப்ஸ் ஃபோல்டரில் விரியுங்கள். அதற்குள் ‘bin’ என்ற ஃபோல்டரில் உள்ள ஸ்டுடியோ64ஐத் திறந்தால் அமைவு வழிகாட்டி வரும். ‘ஸ்டாண்டர்டு’ என்பதை விட்டு ‘கஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். எஸ்டிகே எங்கே என்று கேட்கும் இடத்தில் எக்ஸ் டிரைவின் ஃபோல்டரைக் காட்டுங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போனால் எஸ்டிகே ஆப்டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

கிரேடிலுக்கு, ஒரு புராஜெக்ட்டைத் திறந்து செட்டிங்ஸில் பில்ட் டூல்ஸுக்குக் கீழே கிரேடில் பகுதிக்குப் போங்கள். கிரேடில் யூசர் ஹோம் என்ற இடத்தில் எக்ஸ் டிரைவின் கேஷ் ஃபோல்டரைக் கொடுங்கள்.

எமுலேட்டருக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடித் திறந்து, உங்கள் பயனர் பகுதியில் புதிதாக ஒன்று சேருங்கள். பெயர்: ஆண்ட்ராய்டு, ஏவிடி, ஹோம் ஆகிய மூன்று சொற்களும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடையில் அண்டர்ஸ்கோர் போட்டு. மதிப்பு: எக்ஸ் டிரைவில் அதற்கென்று உருவாக்கிய ஃபோல்டரின் முழுப் பாதை. ஸ்டுடியோவை மூடித் திறந்த பிறகு உருவாக்கும் எமுலேட்டர்கள் அங்கே போகும்.

வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் இதே பாடம்தான். டாவின்சி ரிசால்வில் புராஜெக்ட் செட்டிங்ஸின் மாஸ்டர் செட்டிங்ஸில் வொர்க்கிங் ஃபோல்டர்ஸ், பிரீமியரில் பிரெஃபரன்சஸில் மீடியா கேஷ் ஆகிய இடங்களில் கேஷ் ஃபோல்டரை மாற்றலாம். என்னைக் கேட்டால் மென்பொருளை சி டிரைவிலேயே விட்டுவிட்டு கேஷை மட்டும் வெளியே மாற்றுவதே பலருக்குப் போதும்.

வழக்கமான இன்ஸ்டாலர்கள்

நிறுவும்போது கஸ்டம் அல்லது பிரவுஸ் பட்டன் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சி டிரைவின் பாதைக்குப் பதிலாக எக்ஸ் டிரைவின் ஆப்ஸ் ஃபோல்டரைக் கொடுங்கள். ஏற்கனவே சி டிரைவில் உள்ளதை கட் செய்து எக்ஸில் பேஸ்ட் செய்யாதீர்கள். ரெஜிஸ்ட்ரி பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

இப்போதைய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், எங்கே நிறுவ என்று கேட்பதே இல்லை, அதை விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ், விபிஎன், பிரிண்டர் டிரைவர், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகத் தொடங்குபவை எதையும் வெளி டிரைவில் போடாதீர்கள். டிரைவ் செருகாத நாளில் அவை பிழைச் செய்தியாகக் கொட்டும்.

தினசரி பயன்பாட்டில்

மென்பொருள் ஓடும்போது கேபிளைக் கழற்றக் கூடாது, லேப்டாப் மூடியை மூடும் முன் மென்பொருளை மூடிவிடுங்கள். டிரைவ் நடுவில் தானாகத் துண்டிக்கப்பட்டால், பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி) அணைத்துப் பாருங்கள். சில லேப்டாப்களில் அந்த வரியே இருக்காது. அப்போது சந்தேகப்பட வேண்டியது கேபிளை.

டிரைவ் மேஜையிலேயே நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பாலிசீஸ் பகுதியில் ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ வைக்கலாம், எழுதும் வேகம் கூடும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் ‘குவிக் ரிமூவல்’தான் இயல்பாக இருக்கிறது. மாற்றினால் ஒவ்வொரு முறையும் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்தே கழற்ற வேண்டும். பையில் போட்டு அலைபவர்கள் மாற்ற வேண்டாம்.

ஒரு நாள் மென்பொருள் எதுவுமே திறக்கவில்லை என்றால் பதறி அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். டிரைவ் செருகாமல் அன்இன்ஸ்டால் செய்தால் அதுவும் பாதியில் நிற்கும். முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ் என்ற எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். வேறு எழுத்தில் தெரிந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் மறுபடி எக்ஸ் கொடுங்கள். டிரைவே தெரியவில்லை என்றால் வேறு போர்ட்டில், வேறு கேபிளில் செருகிப் பாருங்கள்.