எத்தனை ஜிபி வேண்டும்? பழைய போனைப் பாருங்கள்

குடியாத்தத்தில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "128 போதுமா, 256 எடுக்கலாமா அண்ணா?" என்று யார் கேட்டாலும், முதலில் அவர் கையில் இருக்கும் பழைய போனை வாங்கி, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறப்பேன். போட்டோ, வீடியோ, ஆப் எல்லாம் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று அது பிரித்துக் காட்டும். மூன்று வருஷத்தில் 90 ஜிபி சேர்ந்திருந்தால், புதுப் போன் அதையும் சுமக்க வேண்டும், இனி சேரப்போவதையும் சுமக்க வேண்டும். அவருக்கு 128 பத்தாது.

பெட்டியில் 128 என்று போட்டிருந்தாலும் அத்தனையும் நமக்கு இல்லை. சிஸ்டமும் கூடவே வரும் ஆப்களும் சில போன்களில் 20 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்திலும் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் போன் திணறும், அப்டேட் இறங்காது. "8+8 ஜிபி ரேம்" என்று ஒட்டியிருப்பார்கள். ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களுக்கான தற்காலிக நினைவகம். அதில் இரண்டாவது 8 உங்கள் ஸ்டோரேஜிலிருந்து போவதுதான்.

இடத்தை விழுங்குவது வீடியோ. ஐபோனின் கேமரா செட்டிங்ஸிலேயே கணக்கு இருக்கிறது: 1080பி தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, அதைவிடத் தெளிவான 4கே தரத்தில் நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 24 ஜிபி! எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை) ஊர்வலத்தை 4கேயில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. சிரசு கோயிலை நெருங்கும் நேரம் பார்த்து 'இடம் இல்லை' என்று போன் நின்றுவிட்டால், அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டியதுதான். இப்படி எடுக்கும் பழக்கம் இருந்தால் தயங்காமல் 256 வாங்குங்கள். பேச்சும் வாட்ஸ்அப்பும் மட்டும் பார்க்கிற அம்மாவுக்கு 128 தாராளம். அந்தக் குடும்ப குரூப்களின் ஆட்டோ டவுன்லோடை மட்டும் நிறுத்திக் கொடுங்கள்.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த மாடலில் கார்டு செருக இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐபோனில் எப்போதும் கிடையாது. சாம்சங் எஸ் வரிசையிலும் 2021-ல் வந்த எஸ்21 முதல் எடுத்துவிட்டார்கள். இருக்கிற போனிலும் கார்டில் படம், பாட்டு, வீடியோ வைக்கலாம், ஆப் பெரும்பாலும் போகாது. கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். அதனால் பிள்ளையின் காதுகுத்துப் படங்களை அதில் மட்டும் வைக்காதீர்கள், இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும். கூகுள் போட்டோஸும் 2021 ஜூனிலிருந்து கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி கணக்குக்குள் வந்துவிட்டது. ஜிமெயிலுக்கும் அதே இடம்தான்.

டேப் விஷயம் எளிது. பாடமும் படமும் பார்க்க, கார்டு போடுகிற டேபில் 128 போதும். ஐபேடில் கார்டு போட முடியாது. வரைகிறவர்களும் வீடியோ எடிட் செய்கிறவர்களும் 256-க்குப் போவது நல்லது.

லேப்டாப்பில் என் கணக்கே வேறு. காட்பாடியில் இன்ஜினியரிங் சேர்க்கும் பெற்றோர் பலர் ஸ்டோரேஜ் 1 டிபி (ஆயிரம் ஜிபி) என்ற எழுத்தைப் பார்த்து, 8 ஜிபி ரேமோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். போனின் உள் ஸ்டோரேஜைப் பின்னால் கூட்ட முடியாது. பல விண்டோஸ் லேப்டாப்களில் பின்மூடியைக் கழற்றிப் பெரிய எஸ்எஸ்டி (லேப்டாப்பின் ஸ்டோரேஜ் பாகம்) மாற்றிவிடலாம். ஆனால் ரேமைப் போர்டோடு பற்றவைத்து வருகிற மாடல்கள் ஏராளம். ஆகவே அதே விலையில் 16 ஜிபி ரேமும் 512 எஸ்எஸ்டியும் கிடைத்தால் அதை எடுங்கள். மேக்புக் ஏர் என்றால் ரேம், ஸ்டோரேஜ் இரண்டையுமே முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 64 ஜிபி இஎம்எம்சி (போர்டோடு வரும் மலிவான ஸ்டோரேஜ்) போட்ட மலிவு லேப்டாப் பக்கம் போகவே வேண்டாம், விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச அளவே 64 ஜிபிதான்.

512 வாங்கி, திரையில் 476 என்று காட்டினால் பதறாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது.