பாளையங்கால்வாய் ஓரம் 50 மீட்டர்: பஃபரை லேயர் ஆக்குவது

மேலப்பாளையம் பக்கம் பாளையங்கால்வாயை ஒட்டி எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. "கால்வாயிலேர்ந்து 50 மீட்டருக்குள்ள எத்தனை கிணறு இருக்குன்னு பார்த்துச் சொல்லுலே" என்றார். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் கால்வாயைக் கோடாக வரைந்தேன், கிணறுகளுக்குப் புள்ளி வைத்தேன். சிம்பாலஜியில், அதாவது லேயரின் தோற்ற அமைப்பில், ஜியோமெட்ரி ஜெனரேட்டரைப் போட்டதும் இருபுறமும் நீலப் பட்டை வந்தது. இப்படிச் சுற்றிவரும் பட்டைதான் பஃபர். ஆனால் பட்டைக்குள் இருக்கும் கிணறுகளைத் தேர்ந்தெடுக்கப் போனால் ஒன்றும் சிக்கவில்லை. அந்தப் பட்டை வெறும் பூச்சு. கோப்பில் இருப்பது பழைய கோடுதான்.

நிஜ லேயர் (தனியாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய வரைபட அடுக்கு) வேண்டுமென்றால் முதலில் அலகைக் கவனியுங்கள். இபிஎஸ்ஜி 4326, அதாவது அட்சரேகை-தீர்க்கரேகையை டிகிரியில் வைக்கும் முறை, உள்ள லேயரில் 50 என்று அடித்தால் அது 50 டிகிரி. ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். என் பட்டை ஆப்பிரிக்காவில் போய் நின்றது. ரீபுரொஜெக்ட் லேயர் கருவியில் இபிஎஸ்ஜி 32643, அதாவது மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு மண்டலம், கொடுங்கள். நெல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் இது சரி. தூத்துக்குடி நகரத்துக்கு 44. லேயரின் சிஆர்எஸ் (ஆயத்தொலை முறை) பெயரை மட்டும் மாற்றினால் போதாது, கோடு வேறெங்கோ ஓடிவிடும்.

அப்புறம் வெக்டர் மெனு, ஜியோபுராசசிங் டூல்ஸ், பஃபர். தூரம் 50 மீட்டர். செக்மென்ட் 5 என்றே இருக்கும், 20 ஆக்கினால் வளைவு வழவழப்பாகும். எண்ட் கேப்பை ஃபிளாட் ஆக்குங்கள், இல்லாவிட்டால் கோடு முடியும் இடத்தில் பட்டை உருண்டையாகப் பிதுங்கும். கோட்டைத் துண்டு துண்டாக வரைந்திருந்தால் 'டிசால்வ்' டிக் செய்யுங்கள், பட்டைகள் ஒன்றாகச் சேரும். ஆனால் ஒன்று, துண்டுக்குத் துண்டு எழுதிய மடைப் பெயர்கள் அதில் போய்விடும்.

ரன் கொடுத்தால் 'பஃபர்ட்' என்று ஒரு லேயர் வரும். அத்தோடு எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள். அது தற்காலிக லேயர், நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. நாமே மென்பொருளை மூடினால் எச்சரிக்கும். கரண்ட் போனால் யார் எச்சரிப்பது? எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போச்சு. லேயர் பெயர் பக்கத்தில் இருக்கும் சின்ன சிப் படத்தைச் சொடுக்கி ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் சேமியுங்கள். ஷேப்ஃபைல் என்ற இன்னொரு கோப்பு வகையில் புலப்பெயருக்கு (அட்டவணைப் பத்தியின் தலைப்புக்கு) பத்து எழுத்துதான் இடம், தமிழில் பெயர் வைத்தால் அதுவும் கிடைக்காது.

இனி செலக்ட் பை லொகேஷன்: கிணறு லேயர், இன்டர்செக்ட், பஃபர் லேயர். ஒன்பது கிணறுகள் தேர்வாகி மஞ்சளாயின. சித்தப்பாவிடம் சொன்னேன். "நம்ம கிணறைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றார். அது வேப்பமரத்தடியில் இருக்கிறது, படத்தில் தெரியவே இல்லை.