அபூர்வமான சமஸ்கிருதப் பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்கும் முன்: பொருளும் புழக்கமும் பார்க்கும் முறை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்த ஊர் எல்கேஜி வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பிரித்தாலும் விகா, ஷிகா, ஸ்ரீ என்று முடியும் பெண் பெயர்கள் அடுத்தடுத்து வரும். "இந்தப் பக்கம் யாரும் வெக்காத பேரா இருக்கோணும்" என்று தேடித் தேடி வைத்த பெயர்கள்தான் அவற்றில் பலவும். தேடுவதில் குறையே இல்லை. கிடைத்த பெயர் உண்மையில் ஒரு சொல்தானா, சொல்லப்படும் பொருள் சரியா, நம் ஊரில் எவ்வளவு புழங்குகிறது என்று பார்க்காமல் பதிந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ருசிரா என்ற பெயரை எடுத்து, ஒவ்வொரு சோதனையாகச் செய்து பார்க்கலாம்.

மூல எழுத்தைக் கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். தமிழில் த ஒன்றுதான், சமஸ்கிருதத்தில் நான்கு. தோத்திரப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பது இதற்காகத்தான். தாரா என்று தமிழில் எழுதிவிட்டுப் பொருள் கேட்டால் ஒரே பதில் கிடையாது. முதல் த என்றால் நட்சத்திரம். நான்காம் த என்றால் இடைவிடாமல் ஒழுகும் தாரை. மூன்றாம் த-வில் வரும் சொல்லுக்கு மனைவி என்று பொருள். 'தாரம்' வந்தது அதிலிருந்துதான். கலா இன்னும் மோசம்: முதல் க-வில் கலை, இரண்டாம் க-வில் கெட்டவள்.

ஆங்கில எழுத்தும் இதற்குப் போதாது, குறில் நெடிலை அது காட்டாது. அதனால் பெயரைத் தேவநாகரியில் எழுதி வாங்குங்கள். சமஸ்கிருதமோ இந்தியோ நடத்தும் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் எழுதித் தருவார். அதை வைத்து மோனியர் வில்லியம்ஸ் அகராதியிலோ (1899) ஆப்தே அகராதியிலோ தேடலாம். இரண்டையும் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பொருள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் புழங்கும் வடசொல்லாக இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் உதவும்.

தேடும்போது பெண்பால் விகுதியை எடுத்துவிட்டுத் தேட வேண்டும். ருசிரா என்று தேடுவதைவிட ருசிர என்று தேடினால் முழுப் பதிவும் கிடைக்கும். ஒளிர்தலைக் குறிக்கும் ருச் என்ற வேரில் பிறந்த சொல் இது. ஒளி பொருந்திய, அழகான, மனத்துக்கு இனிய என்று பொருள். நாம் சாப்பாட்டுக்குச் சொல்லும் ருசியும் இதே வேர்தான். ருசிரா என்ற பெண்பால் வடிவமும் தனியாக உண்டு. அடிக்கு 13 எழுத்து வரும் ஒரு சமஸ்கிருத யாப்புக்கு அதுவே பெயர். வேர், பொருள், பெண்பால் வடிவம் மூன்றும் கிடைத்துவிட்டதால் முதல் சோதனையில் தேறிவிட்டது.

எல்லாச் சொல்லுக்கும் கடைசியில் ஆ போட்டால் பெண் பெயர் ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். சுந்தர என்பதன் பெண்பால் சுந்தரீ, குமார என்பதன் பெண்பால் குமாரீ.

அகராதியில் இல்லாத பெயர்கள்

நம் பக்கம் நிறையப் பெண்களுக்கு இருக்கும் கனிஷ்கா, குஷான மன்னர் கனிஷ்கரின் பெயர். பொன்னைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் கனக. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரித்விகா என்பதற்கு அடியில் இருப்பது யாகம் நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் ருத்விஜ். அந்த ஓசைக்கு ஒரு 'இகா' சேர்த்துப் பெண் பெயராக்கியிருக்கிறார்கள். வைத்தவர்கள் வருந்த வேண்டியதில்லை, ஆசையாக வைத்த பெயர் நல்ல பெயர்தான். இனிமேல் வைக்கப்போகிறவர்கள் தெரிந்து வைக்கலாம்.

ஆபத்தான வகை வேறு ஒன்று இருக்கிறது: சகஸ்ரநாமத்திலிருந்து பாதியில் வெட்டி எடுத்த பெயர். லலிதா சகஸ்ரநாமத்தில் 'மித்யா ஜகததிஷ்டானா' என்று வரும். பொய்த் தோற்றமான இந்த உலகத்துக்கு ஆதாரமானவள் என்று அர்த்தம். முதல் பாதி காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று மித்யா என்று வைத்தால், குழந்தையின் பெயருக்கு 'பொய்' என்றுதான் பொருள். நாமாவளியிலிருந்து எடுப்பதானால் முழு நாமத்தையும் பதம் பிரித்துப் பொருள் கேட்ட பிறகே எடுங்கள். விமலா, நிரஞ்சனா, நிர்மலா போலத் தனியே நிற்கும் நாமங்களில் இந்தத் தொல்லை இல்லை.

அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். இரா என்ற சின்னப் பெயர் இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. பழைய சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் அதற்கு நிலம், வாக்கு, மது, தண்ணீர் என்று நான்கு பொருள் தருகிறது. தமிழில் எழுதினால் 'இரவு' என்பதும் சேர்ந்துகொள்ளும். ரிக்வேதத்தில் சூக்தம் பாடிய பெண்கள் கோஷா, அபாலா. பெருமைக்குரிய பெயர்கள்தான். ஆனால் தமிழில் முன்னதைக் கேட்டால் சென்னை கோஷா ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும், பின்னது 'அபலை'யில் போய் இடிக்கும். அதே வேதத்தில் வரும் லோபாமுத்ரா, உபநிடதத்தில் வரும் மைத்ரேயி, கார்கி ஆகியவற்றுக்கு இந்த இடிப்பு இல்லை.

நட்சத்திர எழுத்து

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. அந்தப் பட்டியல் சமஸ்கிருத ஓசையை வைத்துப் போட்டது. தமிழில் அச்சிடும்போது எண்கள் போய்விடுகின்றன. அதனால்தான் ஹஸ்தத்துக்கும் பூ, பூராடத்துக்கும் பூ என்று நாட்காட்டியில் பார்க்கிறோம். ஹஸ்தத்தின் பூ முதல் ப, அதற்கு பூஜா பொருந்தும். பூராடத்தின் பூ நான்காம் ப, அதற்கு பூமிகா. மேலே சொன்ன தாராவும் அப்படியே: நட்சத்திரத்தைக் குறிக்கும் தாரா சுவாதிக்கும், நீர்த்தாரையைக் குறிக்கும் தாரா பூராடத்துக்கும் போகும். எழுத்துப் பார்த்து வைக்கும் குடும்பம் என்றால் சோசியரிடம் "எத்தனையாவது த, எத்தனையாவது ப" என்று கேட்டுவிடுங்கள். ருசிராவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ரு சுவாதி முதல் பாதம். திருவாதிரையில் வரும் ங போன்ற எழுத்துகளில் பெயரே தொடங்காது. அங்கே அடுத்த பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கம்.

வீட்டில் வாய்க்கு வருகிறதா?

அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அமுச்சி என்று இரு பக்கத்துத் தாத்தா பாட்டி நான்கு பேரிடமும் பெயரைச் சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது முறை அவர்கள் வாயில் என்ன வருகிறதோ அதுதான் வீட்டில் நிலைக்கப்போகும் பெயர். த்ருதி திருதியாகும், ஸ்ம்ருதி சுமிருதியாகும், ஹரிணி அரிணியாகும். அது உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி. வாசலில் நின்றுகொண்டு தோட்டத்துக் கடைசியில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவது போல ஒருமுறை உரக்கக் கூப்பிட்டும் பாருங்கள். நெடிலில் முடியும் பெயர் நன்றாக நீளும். "ருசிராக் கண்ணு" என்று கொஞ்சவும் வருகிறது.

இந்தப் பெயரில் ஒரே இடறல் ச. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை ச-வை நாம் ஸ போலத்தான் வாசிப்போம். ருச்சிரா என்று எழுதினால் வல்லோசை வரும், ஆனால் எழுத்து கூடி மூலச் சொல் மாறிவிடும். ருசிரா என்றே எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் சி எச் போடுவதே நல்லது. எஸ் போட்டால் வெளிமாநிலத்தில் யாருக்கும் பெயர் பிடிபடாது.

புழக்கம் பார்க்கும் முறை

'பிரபல வரிசையில் இத்தனையாவது இடம்' என்று எந்தத் தளம் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 5 பேருக்குக் குறைவாக வைத்த பெயர் அதில் வராது. இந்தியாவில் அப்படி ஒரு தேசியப் பட்டியல் வெளியாவதில்லை. அந்த வரிசை எண் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்காகவோ தளத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையாகவோதான் இருக்கும்.

நம் ஊர்க் கணக்கை இரண்டு இடத்தில் பார்க்கலாம். உங்கள் பாகத்தின் வாக்காளர் பட்டியலில் 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள், ஆகவே முந்தைய தலைமுறையில் அந்தப் பெயர் இருந்ததா என்பது தெரியும். இப்போதைய குழந்தைகளைப் பற்றி அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள், அவர்களுக்கு மனப்பாடம். கேட்கும்போது அதே பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அதே ஓசையில் எத்தனை என்றும் கேட்க வேண்டும். தன்விகா, ரித்விகா, அத்விகா மூவரும் ஒரே வகுப்பில் இருந்தால் டீச்சர் கூப்பிட்டதும் மூன்று தலையும் திரும்பும். எழுத்தில் அபூர்வம், காதில் அபூர்வம் இல்லை.

ருசிரா வடக்கிலும் மேற்கிலும் தெரிந்த பெண் பெயர். 2022 முதல் 2024 வரை ஐ.நா. சபையில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர் ருசிரா காம்போஜ். இலங்கையில் சிங்களவரிடையே ருசிர ஆண் பெயர். கிரிக்கெட் வீரர் ருசிர பெரேரா ஓர் உதாரணம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

பதியும்போது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அதனால் ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டும்போது அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற முடியாது, எழுத்துப் பிழையைத் திருத்துவது மட்டுமே நடக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், அதில் உள்ள எழுத்துதான் எல்லா இடத்துக்கும் போகும்.

பதிவு, பிரசவம் நடந்த ஊரில். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் தாராபுரத்துக் குழந்தையின் பதிவு கோபியில் இருக்கலாம். பெயர் சேர்க்கவும் அங்கேதான் போக வேண்டும்.

எண்கணிதம் பார்க்கிறவர்கள் கூடுதல் ஏ, கூடுதல் எச் போடுவதைப் பதிவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று ஆகிவிட்டால் அரசிதழில் விளம்பரம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, விரித்து எழுதிய தலைப்பெழுத்து மூன்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, விண்ணப்பத்துடன் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு நகரும் முன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ச இருக்க வேண்டிய இடத்தில் ஷ ஏறியிருந்தால் அன்றே திருத்த மனு கொடுத்துவிடலாம்.