காலில்லாப் பல்லி வளர்க்க ஆசையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எங்கள் புளோக்குப் பையன் ஒருவன் ஐஸ்கிரீம் டப்பாவோடு மூச்சிரைக்க ஓடி வந்தான். "மாமா, பாம்புக்குட்டி!" கீழ்த்தளத்துப் பூந்தொட்டிக்கு அடியில் கிடைத்ததாம். குனிந்து பார்த்தேன். எண்ணெய் தடவியது போல் மினுங்கும் உடம்பு, அதில் ஒட்டவைத்தாற்போல் நான்கு குட்டிக் கால்கள். கண்ணை மெல்ல மூடித் திறந்தது. பாம்புக்கு இமை கிடையாது. இது நம் சிங்கப்பூர்த் தோட்டங்களில் சாதாரணமாக வாழும் பௌரிங் அரணை. 'அரணை கடித்தால் மரணம்' என்று பாட்டிமார் சொன்னதெல்லாம் பொய். அதற்கு விஷமே இல்லை.

பையன் விடவில்லை. "காலே இல்லாத பல்லியும் இருக்காமே, வாங்கி வளர்க்கலாமா?"

முதல் தவறு இங்கேதான். "பாம்புக்குத்தானே தடை, இது பல்லிதானே" என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன இரண்டுதான்: செங்காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை. கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல்லி வளர்க்கக் கூடாது. காட்டு விலங்கை அனுமதியின்றி வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஜோகூரிலிருந்து பைக்குள் ஒளித்துக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம்.

மேல்படிப்புக்கு லண்டன் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே தோட்டங்களில் 'ஸ்லோ வொர்ம்' என்ற காலில்லாப் பல்லி உண்டு. அதைக் கொல்வதும் காயப்படுத்துவதும் விற்பதும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பார்க்க ஆசையாக இருந்தாலும் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். சட்டென்று வாலை உதிர்த்துவிடும். திரும்ப வளர்வது பழைய நீளத்துக்கு வராது. அதன் அறிவியல் பெயரில் உள்ள 'ஃபிராஜிலிஸ்' என்பதற்கே 'எளிதில் உடைவது' என்றுதான் பொருள்.

அனுமதியுள்ள நாடுகளில் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, காலில்லாப் பல்லியைப் பாம்பாகவே நடத்துவது. தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை வாழும் 'செல்டோபுசிக்' என்ற காலில்லாப் பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய மொழியில் 'மஞ்சள் வயிறு' என்று பொருள். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். அதில் பெரும்பகுதி வால்தான். செதிலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் இருப்பதால் உடம்பு விறைப்பாக இருக்கும், பாம்பைப் போலக் கையில் சுற்றிக்கொள்ளாது. வற்புறுத்திச் சுற்றினால் அதற்கு வேதனைதான். வாரம் ஒரு எலி போட்டால் போதும் என்பதும் தவறு. நத்தை, வண்டு, வெட்டுக்கிளிதான் அதன் முக்கிய உணவு. நத்தை ஓட்டையே நொறுக்கும் தாடை அதற்கு. குளிர்காலத்தில் மண்ணுக்குள் புதைந்து உறங்கிப் பழகிய உயிர் அது. வருடம் முழுக்க 30 டிகிரியை ஒட்டியே இருக்கும் நம் ஊர் வீட்டில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

இன்னொன்று, ஆயுள். கோப்பன்ஹேகன் விலங்குத் தோட்டத்தில் ஒரு ஸ்லோ வொர்ம் 54 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் இன்றைய ஆசையை ஐம்பது வருடம் யார் பார்த்துக்கொள்வது?

சரி, யாரோ ரகசியமாக வளர்த்து, பயந்து, பூங்காவில் விட்டுவிட நினைத்தால்? அதுவும் குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். விசாக தினத்தையொட்டி தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இதைத்தான் எச்சரிக்கிறது. இந்த மண்ணுக்குப் பழகாத உயிர் பட்டினியில் சாகும், அல்லது இங்குள்ள சின்ன உயிர்களைத் தின்னும். வீட்டுக்குள் எது நுழைந்தாலும் அடிக்காமல், பிடிக்காமல் 1800-476-1600 என்ற கழகத்தின் எண்ணை அழையுங்கள்.

பையனும் நானும் டப்பாவை அதே பூந்தொட்டி ஓரத்தில் சாய்த்தோம். அரணை ஒரு நொடி அசையாமல் கிடந்தது. அப்புறம் அந்தக் குட்டிக் கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாம்பைப் போலவே நெளிந்து சருகுக்குள் போய்விட்டது. "கால் இருந்தும் நடக்கலையே மாமா!" என்று கத்தினான்.