குக்கர் பரிசு வேண்டாம், வேறு என்ன செய்யலாம்?

கட்டட சைட் வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எண் எழுதி மாட்டியிருக்கும் போர்டைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். உள்ளே யாருக்காவது ஆணி குத்தியிருந்தால் வெளியே சொல்லியிருப்பாரா?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் கட்டட சைட்டில் சேஃப்டி ஆபீசர் வேலை எனக்கு. ‘தொழிலாளர்களை உற்சாகப்படுத்த என்ன செய்யலாம், ஏதாவது ஐடியா கொடுங்க’ என்று கம்பெனிகள் கேட்கும்போது, இந்த போர்டைக் கழற்றுவதில் இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். இத்தனை நாள் விபத்தில்லாமல் ஓட்டினால் எல்லோருக்கும் குக்கர் என்று அறிவித்துப் பாருங்கள். கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும்போது ஆணி ஏறியவர் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பார். டெட்டனஸ் ஊசி போட வேண்டிய காயம் அது. ஆனால், ‘உன்னாலதான் குக்கர் போச்சு’ என்று பக்கத்தில் இருப்பவர்களே சொல்வார்களே!

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைக்கு வர முடியாத அளவுக்கு யாருக்கும் காயம் இல்லாமல் ஏழு வருடம் ஓட்டியதற்குப் பாராட்டுச் சொல்ல மேலதிகாரிகள் அன்றைக்குத்தான் அங்கே வந்திருந்தார்கள். காயக் கணக்கு சுத்தமாக இருந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் காயம் இல்லாததற்குப் பரிசு கொடுக்காதீர்கள். ஆபத்தைக் கண்டு சொன்னவருக்குக் கொடுங்கள்.

சரி, சொல்ல வைப்பது எப்படி? ஃபாரம் அச்சடித்து வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒரு போன் நம்பர் கொடுத்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். இந்தி, ஒடியா, வங்காளம், தமிழ் எதுவானாலும் சரி. ‘ஆறாவது மாடி லிஃப்ட் குழிக்கு மறைப்பு இல்லை’, ‘சாரத்துப் பலகை ஆடுது’, ‘இ.எல்.சி.பி. அடிக்கடி விழுதுன்னு யாரோ டைரக்டா லைன் கொடுத்திருக்காங்க’ என்றெல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் கருவி அது. மழைக்காலத்தில் அதை எடுத்துவிட்டு கட்டர் மிஷினை ஓட்டினால் ஓட்டுகிறவர் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

தகவல் வந்த அன்றே ஆளை அனுப்பிச் சரிசெய்யுங்கள். மறுநாள் காலை, வருகைப் பதிவு போடும் டைம் ஆபீஸ் பக்கத்து போர்டில் யார் சொன்னார், என்ன செய்தோம் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்பவர் பெயரை விட்டுவிடலாம். உடனே செய்ய முடியாத வேலை என்றால் ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்பதையும் அதே போர்டில் போடுங்கள். மூன்று முறை சொல்லி ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான்காவது முறை எவரும் சொல்ல மாட்டார், நீங்கள் எவ்வளவு பரிசு வைத்தாலும்.

அடுத்தது கூலி விஷயம். இதைப் பேசாமல் சேஃப்டி பேசுவதில் அர்த்தமே இல்லை. கம்பி கட்டுகிற செட்டுக்கு, அதாவது குழுவுக்கு, கூலி டன் கணக்கு, சென்ட்ரிங் செட்டுக்கு சதுர அடிக் கணக்கு. ‘ஆபத்து என்றால் வேலையை நிறுத்துங்கள்’ என்று நாம் சொல்கிறோம். நிறுத்தினால் அந்த அரை நாள் யாருடைய காசு? அவர்களுடையது. அதனால் சாரம் ஆடினாலும் ஏறுகிறார்கள். ஆபத்து காரணமாக நின்ற நேரத்துக்கு நாள் கூலி கணக்கில் பணம் உண்டு என்று காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். பில் போடுகிறவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். உயரத்தில் இருந்து ஒருவர் விழுந்தால் சைட் எத்தனை நாள் மூடிக் கிடக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

வேலை தொடங்கும் முன் காலையில் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான டூல் பாக்ஸ் டாக்கை மெயின் வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கவைத்து நடத்தாதீர்கள். வேலை நடக்கும் இடத்திலேயே, அந்தந்த செட்டோடு பத்து நிமிடம் போதும். இன்றைக்கு கான்கிரீட் தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கிறோம் என்றால் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். ‘எங்கே கையை வைக்க பயமா இருக்கு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள மேஸ்திரி பேசட்டும். வெளிமாநிலத்து ஆட்கள் இருந்தால் அவர்களில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்க வையுங்கள். அந்த வேலைக்குத் தனியாகக் கொஞ்சம் பணமும் கொடுங்கள். அவர் செய்வதும் வேலைதானே?

பாராட்டு என்று வரும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த சர்டிஃபிகேட்டை விட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை எடுபடுவது இதுதான்: சனிக்கிழமை சம்பளம் போடும்போது, எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்ததற்காக என்று ஒரே வரியில் சொல்லி, பணமாக அவர் கையில் கொடுப்பது. காண்ட்ராக்டர் வழியாகக் கொடுத்தால் முழுசாகப் போய்ச் சேராது. நல்லது செய்தது திங்கட்கிழமை என்றால் அந்த வாரமே கொடுங்கள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் வரட்டும் என்று தள்ளிப் போட்டால் அவர் அதற்குள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அவர் போனுக்கே அனுப்புங்கள். அது ஊருக்குப் போகும். சித்தாள் அக்காக்களை மறந்துவிடாதீர்கள். கீழே கிடக்கும் கம்பித் துண்டையும் ஆணியையும் பெரும்பாலும் அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஹெல்மெட்டில் பெயர் எழுதிக் கொடுங்கள். இன்னொருவர் வியர்வை ஊறிய ஹெல்மெட்டைப் போடச் சொல்லிவிட்டு, போடவில்லை என்று அபராதம் பிடிப்பது என்ன நியாயம்? பெயர் எழுதினால் இன்னொரு பலனும் உண்டு. ‘ஏ பையா’ என்று கத்துகிற சூப்பர்வைசர், பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்.

500 தொழிலாளர்களும் அதற்கு மேலும் இருக்கும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொன்னது. உங்கள் சைட்டில் எண்பது பேர்தான் என்றாலும் ஒரு குழு போடுங்கள். தொழிலாளர் தரப்பு ஆட்களை மேனேஜர் பொறுக்கக் கூடாது, செட்டுக்கு ஒருவராக அவர்களே அனுப்பட்டும். குழந்தைகள் அறை விஷயத்திலும் அப்படித்தான். 50 பெண்களுக்கு மேல் இருந்தால் கட்டாயம் என்றது அந்தச் சட்டம். ஐந்து பேர் இருந்தாலும் குழந்தை மணல் குவியலில்தானே விளையாடுகிறது?

கழிவறை, குடிநீர், வெயில் காலத்தில் நிழல் இதெல்லாம் இல்லாத சைட்டில் விழா நடத்தாதீர்கள், சிரிப்பார்கள். அதைவிட உருப்படியான காரியம் ஒன்று உண்டு. 1994-ல் இருந்து தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் இன்னும் நிறையப் பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு ஒருவரை உட்காரவைத்து, ஆதார், வங்கிக் கணக்கு, வேலை பார்த்ததற்கான சான்று எல்லாம் சேர்த்துப் பதிவு செய்து கொடுங்கள். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ், அதாவது தொழிலாளர் நலனுக்கான வரி, கட்டுவது கம்பெனி. அந்தப் பணம் வாரியம் வழியாக இவர்களுக்கு வந்து சேருவதற்கான வழி இந்தப் பதிவு.

மாதக் கடைசியில் மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட் போடும்போது இரண்டு எண் போதும்: எத்தனை புகார் வந்தது, அதில் எத்தனை அன்றே முடிந்தது. புகார் பூஜ்யம் என்று வந்தால் கைதட்டாதீர்கள். ஏசி அறையை விட்டு இறங்கி, படிக்கட்டு வழியாக மேல் மாடி வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். லிஃப்ட் குழி பக்கம் கொஞ்சம் பார்த்துப் போங்கள்.